வெட்டும் ஒட்டும்: திரைப்படத்தின் புணர்ச்சி இலக்கணம்



சென்ற பேச்சில் சிறுகதையின் தொடக்கத்தையும் முடிவையும் பற்றி நோக்கினோம். ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கதைஞன் எவ்வாறு தாண்டுகிறான் என்ற வினாவோடு அதனை நிறுத்தியிருந்தேன். அதற்கு விடை தேடி இன்று திரைப்படத்தின் பக்கம் சற்றுப் போய்வர எண்ணுகிறேன். இலக்கியத் தொடரில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பேச்சின் முடிவில் அந்தக் கேள்வியை மீண்டும் எடுத்துப் பார்ப்போம். முதலில் ஒரு சொந்த அனுபவம்.

1989ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தது. மின்சாரம் இல்லை. கண்ணகி அம்மன் வைகாசிச் சடங்கு முடிந்த மறுநாள், ஊர் இளைஞர்கள் காசு சேர்த்து ஜெனரேற்றர், ரி.வி., டெக் மூன்றையும் வாடகைக்கு எடுத்துத் தோணியில் ஏற்றி வந்தார்கள். அன்று இரவு காட்டிய படம் பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’. ஊரே வளவுக்குள் பாய் விரித்து அமர்ந்திருந்தது.

1982இல் வெளிவந்த அந்தப் படத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். விபத்தொன்றில் நினைவிழந்து குழந்தை மனத்தோடு இருக்கும் பெண்ணை ஓர் ஆசிரியன் மீட்டு வந்து, மலையூரில் வைத்துப் பராமரிக்கிறான். சிகிச்சையால் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. பெற்றோர் அவளை அழைத்துக்கொண்டு புகையிரதத்தில் ஏறுகிறார்கள். அவன் அடிபட்ட உடம்போடு நிலையத்தை நோக்கி ஓடி வருகிறான்.

அந்த இடத்தில் எங்கள் ரி.வி.யில் கோடுகள் பாய்ந்தன. மறுகணம் புகையிரதம் போய்க்கொண்டிருந்தது. படமும் முடிந்துவிட்டது. முன்பொரு தடவை டெக் அந்தக் கசெற்றின் நாடாவைத் தின்றுவிட்டதாம். கசங்கிய பகுதியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மீதியை ஒட்டி வைத்திருந்தார்கள். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் ஓடி வந்தான், புகையிரதம் போனது. ஆகவே அவன் ஏறிவிட்டான்! மறுநாள் கிணற்றடியிலும் வயல் வரம்பிலும் இதுதான் பேச்சு. எனக்கு மட்டும் சிறு சந்தேகம். எங்கள் பெத்தா அதைத் தீர்த்துவைத்தா: “அவன் கோச்சியில ஏறிப் போயிட்டான் மனே, நீ யோசியாத.”

பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில்தான் அந்தப் படத்தை முழுமையாகப் பார்த்தேன். அவன் ஏறவில்லை. அவளுக்கு அவனைத் தெரியவேயில்லை. அன்றிரவு எனக்கு வந்த துக்கத்தோடு ஒரு கேள்வியும் வந்தது. ‘அவன் ஏறினான்’ என்ற காட்சியை யாரும் படம்பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் அதைப் பார்க்கவுமில்லை. அப்படியிருக்க, ஊர் முழுவதும் அதைக் கண்டதாக எப்படி நம்பியது?

இதே கேள்வியை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மொஸ்கோவில் லெவ் குலெஷோவ் என்ற இளம் இயக்குநர் கேட்டார். அவர் செய்த பரிசோதனை ஒன்றை அவருடைய மாணவரான புடோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். இவான் மொசூகின் என்ற புகழ்பெற்ற நடிகரின் உணர்ச்சி எதுவும் காட்டாத முகத்தை எடுத்துக்கொண்டார்கள். அதே முகத்தை மூன்று காட்சிகளோடு தனித்தனியே ஒட்டினார்கள். ஒன்று, மேசைமேல் இருந்த சூப்புக் கோப்பை. இன்னொன்று, பெட்டியில் கிடத்தப்பட்ட பெண்ணின் சடலம். மற்றொன்று, பொம்மையோடு விளையாடும் சிறுமி. பார்த்தவர்கள் நடிகரைப் புகழ்ந்தார்களாம். சூப்பைப் பார்க்கையில் அந்த முகத்தில் என்ன சிந்தனை, சடலத்தைப் பார்க்கையில் என்ன துயரம், குழந்தையைப் பார்க்கையில் என்ன கனிவு என்று வியந்தார்களாம். முகம் மாறவேயில்லை. மாறியது அயலில் வந்த காட்சி. அதுவரை முகத்தில் இருப்பதாக எண்ணிய பொருளைப் பார்வையாளனே அந்த ஒட்டில் வைத்துத் தைத்திருக்கிறான்.

குலெஷோவ் இன்னொரு பரிசோதனையும் செய்தார். மொஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் நடக்கும் ஓர் ஆணையும் பெண்ணையும் சந்திக்க வைத்து, இடையில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் காட்சியொன்றைச் சேர்த்தார். பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே ஊரில் நடப்பதாகவே தோன்றியது. உலகில் இல்லாத ஓர் ஊர் ஒட்டிலே பிறந்துவிட்டது. சென்னைத் தெருவில் பல்லவியும் ஊட்டி மலையில் சரணமும் பாடும் நம் காதலர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தெரியாது. ஆனால் நாம் அதை ஏன் கேள்வி கேட்பதில்லை என்பதை நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

தமிழ் படிப்பிக்கும் எனக்கு இதை விளங்கிக்கொள்ளக் கைகொடுத்தது நன்னூல். நிலைமொழி ஒன்று இருக்கிறது, வருமொழி ஒன்று வருகிறது, இரண்டும் புணர்கின்றன. மாணவர்கள் சலித்துக்கொள்ளும் பாடம் இது. நான் வகுப்பில் இரண்டு தொடர்களைக் கரும்பலகையில் எழுதுவேன். ஒன்று, ‘தந்த பலகை’. மற்றது, ‘தந்தப் பலகை’. முதலாவது ஒருவர் கொடுத்த பலகை. இரண்டாவது யானைத் தந்தத்தால் ஆன பலகை. எழுத்தில் இரண்டு சொற்களும் அவையேதான். இடையில் ஒரு ‘ப்’ வந்ததும் பொருள் வேறாகிவிட்டது. பொருள் சொல்லில் மட்டுமல்ல, சொற்கள் சேரும் இடத்திலும் இருக்கிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. திரைப்படத் தொகுப்பாளரின் தொழிலும் அந்த இடத்தில்தான் நடக்கிறது.

புணர்ச்சியை இயல்பு என்றும் விகாரம் என்றும் பிரிப்பர். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று வகைப்படும். திரையின் ஒட்டுக்களையும் இந்த நான்கிலே வைத்து நோக்குவோம்.

பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை. இரண்டும் மாறாமல் நிற்பதால் இது இயல்பு. திரையில் இதற்கு நேரானது வெட்டு. ஒரு காட்சியின் கடைசிச் சட்டத்துக்கு அடுத்து மறு காட்சியின் முதற்சட்டம் வந்துவிடும். வினாடிக்கு இருபத்துநான்கு சட்டங்கள் ஓடும் படச்சுருளில் இந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படாது. பேசுபவர் முகம், கேட்பவர் முகம், மீண்டும் பேசுபவர் முகம் என்று மாறும்போது நாம் வெட்டை உணர்வதேயில்லை. அமெரிக்கத் தொகுப்பாளர் வால்ட்டர் மேர்ச் இதைக் கண் இமைப்போடு ஒப்பிடுவார். ஓர் எண்ணம் முடிந்து இன்னோர் எண்ணம் தொடங்கும் இடத்தில் மனிதன் இமைக்கிறான். நல்ல வெட்டும் அங்கேதான் விழுகிறது என்பது அவர் கருத்து. எங்கே வெட்டுவது என்பதற்கு அவர் ஆறு அளவுகோல்களைச் சொல்லி மதிப்பெண்ணும் கொடுத்தார். உணர்ச்சிக்கு 51 வீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, இடம் பொருந்துதல் முதலான மற்ற மூன்றுக்கும் சேர்த்து 16. கதையைவிட உணர்ச்சிக்கு இரண்டு மடங்குக்கு மேல் இடம் கொடுத்தது மனங்கொள்ளத்தக்கது.

வெட்டு எப்போதும் மறைந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. டேவிட் லீன் இயக்கிய ‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’ 1962இல் வெளிவந்தது. அதில் நாயகன் எரியும் தீக்குச்சியை ஊதி அணைக்கிறான். அடுத்த கணம் பாலைவனத்துக் கீழ்வானம் செக்கச் சிவந்து விரிகிறது. இரண்டு காட்சிகளையும் மெல்லக் கரைத்துச் சேர்ப்பதாகவே திட்டம் இருந்தது. கரைப்பு வேலை ஆய்வுகூடத்தில் நடக்க வேண்டியது. அதற்கு முன்னர் வெறுமனே ஒட்டிய நிலையில் அதைப் பார்த்த இயக்குநரும் தொகுப்பாளர் ஆன் கோட்ஸும் அதுவே நன்று என்று விட்டுவிட்டார்கள். கரைந்திருந்தால் அது அழகான ஒரு மாற்றமாக இருந்திருக்கும். வெட்டியதால் ஓர் அறையின் சிறு நெருப்பிலிருந்து அளவிறந்த வெளிக்குள் நாமே தூக்கி எறியப்படுகிறோம்.

அடுத்தது திரிதல். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். முன்னதன் ஈறு பின்னதற்கு இடங்கொடுத்து உருமாறுகிறது. திரையில் இது கரைப்பு. ஒரு காட்சி மங்கி மறையும்போதே மற்றது அதன்மேல் தெளிந்து வரும். சில கணங்களுக்கு இரண்டும் ஒன்றன் முகத்தில் ஒன்றாக நிற்கும். படச்சுருட் காலத்தில் இரண்டு சுருள்களையும் தனிக் கருவியில் வைத்து மூன்றாவதொன்றில் மறுபதிவு செய்தே இதைப் பெறவேண்டியிருந்தது. செலவும் நாளும் பிடித்தன. ஆகவே காரணமில்லாமல் கரைக்கமாட்டார்கள். காலம் கழிந்தது, நினைவு பின்னோக்கிச் செல்கிறது, இது அதைப் போன்றது என்று சொல்வதற்கே பெரும்பாலும் கரைத்தார்கள்.

இலக்கியம் கற்றோர் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். தொல்காப்பியர் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என்று பிரித்தார். ஏனை உவமத்தில் ‘போல’ என்ற உருபு வெளிப்படையாக நிற்கும். கரைப்பும் அவ்வாறே, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டிவிடுகிறது. உள்ளுறையில் உருபு இல்லை. வாவிக்கரைக் கண்டலில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கைச் சொல்லிவிட்டு, வாசற்படியில் நிற்கும் தலைவியைச் சொன்னால் போதும். ‘போல’ என்பதைக் கேட்பவன் தன் மனத்துக்குள் போட்டுக்கொள்கிறான். வெட்டும் அப்படித்தான். ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்ரைன் 1929இல் எழுதிய கட்டுரையொன்றில் ஜப்பானிய எழுத்துமுறையிலும் ஹைக்கூவிலும் இந்தப் பண்பைக் கண்டு வியந்தார். நமது அகப்பாடல்களை அவர் அறிந்திருந்தால் அந்தக் கட்டுரை இன்னும் நீண்டிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

தோன்றலுக்கு வாழைப்பழம் உதாரணம். இரு சொல்லிலும் இல்லாத ‘ப்’ இடையில் வந்து நிற்கிறது. திரையிலும் இரண்டு காட்சிகளுக்கு இடையே மூன்றாவது ஒன்றைச் செருகுவார்கள். நாட்காட்டித் தாள்கள் பறக்கும், கடிகார முள் சுழலும், காற்றில் விளக்கு அணையும். காதலர் நெருங்கும்போது பூவும் வண்டும் வரும். ஓடும் சிறுவனின் கால்கள் தெரியும். ஓடிக்கொண்டே அவை நாயகனின் கால்களாகிவிடும். இவை தேய்ந்து போனதால் இன்று சிரிக்கிறோம். ஆனால் இருபது ஆண்டுகளை நாலு வினாடியில் கடக்க அவை ஒரு காலத்தில் பாலமாக இருந்தன.

மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். மகர மெய் கெட்டுவிடுகிறது. திரையில் கெடுதல் என்பது இடையில் உள்ளதை எடுத்துவிடுவது. ஒருவர் வீட்டிலிருந்து புறப்பட்டு அலுவலகம் போவதை எவரும் முழுதாகக் காட்டுவதில்லை. கதவு மூடும், மறுகணம் மேசையில் இருப்பார். 1960இல் பிரெஞ்சு இயக்குநர் கொடார் தமது ‘பிரெத்லெஸ்’ படத்தில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். ஒரே காட்சியின் நடுவிலிருந்தே துண்டுகளை எடுத்துவிட்டார். காரில் இருப்பவரின் தலை திடீரெனத் திரும்பியிருக்கும். வெளியே தெரு மாறியிருக்கும். மறைய வேண்டிய ஒட்டு கண்ணில் குத்தியது. பார்ப்பது படம் என்பதைப் பார்வையாளன் மறக்க முடியவில்லை.

இந்த நான்கிலும் அடங்காத ஒன்று உண்டு. காட்சி முழுதாக இருண்டு, பின் புதிதாக ஒளி பெறுவது. இது சொற்புணர்ச்சியன்று, ஓர் இயல் முடிந்து அடுத்த இயல் தொடங்குவது. வானொலி நாடக நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குரல் தேய்ந்து போகும், சற்று மௌனம், பின் வேறோர் இடத்துப் பறவை ஒலி. நமது கூத்துக் களரியிலோ வெட்டும் இல்லை, இருளும் இல்லை. அரசன் களரியைச் சுற்றி ஆடி வந்தால் நாட்டைவிட்டுக் காட்டுக்கு வந்துவிட்டான் என்று பொருள். மத்தளமும் தாளமும் அந்தப் பயணத்தைச் சொல்லிவிடும். விடிய விடியக் கூத்துப் பார்த்த எங்கள் பெத்தாவுக்குத் திரைமொழி எளிதில் விளங்கியதில் வியப்பில்லை.

இனி ‘மூன்றாம் பிறை’யைத் தந்தவரிடம் வருவோம். பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பு நகருக்கு அருகே, மாமாங்கேசுவரர் கோயில் இருக்கும் அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் ஒரு சுற்றுலாவின்போது டேவிட் லீன் இலங்கையில் ‘பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்தை எடுப்பதைக் கண்டார். இயக்குநர் சொன்னதும் மழை பெய்ததைப் பார்த்து வியந்ததைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த லீனும் தொகுப்பாளராக இருந்து இயக்குநரானவர் என்பது குறிப்பிடத்தக்கது. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்ற பாலு மகேந்திரா, பிற்காலத்தில் தமது படங்களைத் தாமே தொகுக்கவும் செய்தார். 2014 பெப்ரவரி 13ஆம் திகதி சென்னையில் காலமானார்.

அவரே தொகுத்த படங்களுள் ஒன்று 1988இல் வெளிவந்த ‘வீடு’. வாடகை வீட்டிலிருந்து வெளியேற வேண்டிய ஒரு நடுத்தர வர்க்கப் பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்த வீடு கட்ட முனைந்து படும் பாடுதான் கதை. பாட்டு இல்லை. தமது தாயார் வீடு கட்டத் தொடங்கிச் சிரிப்பை இழந்த நாட்களே அந்தப் படத்துக்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆகவே சென்னையில் எழும் அந்தச் சுவர்களுக்குள் எங்கள் ஊர் வீடொன்றும் இருக்கிறது.

அதில் ஓர் இடம். சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா, அரைகுறையாக நிற்கும் வீட்டைத் தனியே பார்க்க வருகிறார். பூசாத சுவர்களுக்கிடையே மெதுவாக நடக்கிறார். பேச்சு இல்லை; இளையராஜாவின் இசை மட்டும். விரைவான கையுள்ள தொகுப்பாளர் இதை நாலைந்து துண்டாக்கிச் சுருக்கிவிடலாம். பாலு மகேந்திரா அவசரப்படவில்லை. முதியவரின் நடைக்குத் தேவையான நேரத்தை அப்படியே கொடுத்தார். அந்த நேரத்துக்குள் நாமும் அந்த வீட்டில் குடிபுகுந்துவிடுகிறோம். பின்னர் தாத்தா இறக்கும்போதும், இறுதியில் அந்தக் காணியே அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்று தெரியவரும்போதும், பறிபோவது நமது வீடாக இருக்கிறது. எங்கே வெட்டக்கூடாது என்று அறிவதும் தொகுப்புக் கலையே.

‘மூன்றாம் பிறை’யைத் தொகுத்தவர் டி. வாசு. எங்கள் கசெற்றில் இல்லாது போன அந்த முடிவில் இரண்டு காட்சிகள் மாறி மாறி வருகின்றன. நிலையத்தில் மழையிலும் சேற்றிலும் நின்று, அவளோடு முன்பு விளையாடிய குரங்காட்டத்தை ஆடிக்காட்டும் அவன். புகையிரத யன்னலில் அவனைப் பைத்தியக்காரன் என்று எண்ணிப் பார்க்கும் அவள். குலெஷோவின் பரிசோதனை இங்கே மறுபுறமாக நிகழ்கிறது எனலாம். மொசூகினின் வெறும் முகத்தில் நாம் உணர்ச்சியை ஏற்றினோம். இந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு துளி நினைவாவது தோன்றாதா என்று ஒவ்வொரு வெட்டிலும் தேடுகிறோம், ஏற்ற முடியவில்லை. நமக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அந்த ஒட்டிலேயே கிடக்கிறது. துக்கமும் அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் ஒதுக்கி வைத்த கேள்வியை இனி எடுக்கலாம். இலக்கியத் தொடரில் இது எதற்கு? கத்தரியும் ஒட்டும் இன்று தொகுப்பாளரின் அறையில் மட்டும் இல்லை. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ள கைத்தொலைபேசியில் இருக்கின்றன. 2018 பெப்ரவரி இறுதியில் எங்கள் அயல் மாவட்டத்தின் அம்பாறை நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் உணவகமொன்றில் உணவில் கிடந்த கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சந்தேகித்துச் சிலர் அதட்டிக் கேட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஒருவர் அச்சத்தில் ஒப்புக்கொண்டது போலப் பதில் சொன்னார். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அந்தச் சிறு காட்சியோ முகநூலில் நாடெங்கும் பரவியது. கட்டி வெறும் மாப்பொருள் என்று அரச பகுப்பாய்வாளரின் பரிசோதனை பின்னர் காட்டியது.

அந்தக் காட்சியில் அவர் சொன்ன சொல் இருந்தது. அவரைச் சூழ்ந்து நின்ற கூட்டமும், அவருக்குப் புரியாத மொழியும், அவருடைய அச்சமும் பார்த்தவர் மனத்துக்கு எட்டவில்லை. வெறும் முகத்துக்கு அயலில் ஒவ்வொருவரும் தத்தம் மனத்திலிருந்த பயத்தை ஒட்டிக்கொண்டார்கள். மூன்று இனங்கள் அருகருகே வாழும் கிழக்கில் இது கலை பற்றிய நுட்பமான விவாதம் மட்டுமன்று. ஒரு காட்சி கைக்கு வந்ததும், இதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது, இடையில் எது கெட்டது, எது தோன்றியது என்று கேட்கத் தெரிய வேண்டும். ‘தந்த பலகை’யையும் ‘தந்தப் பலகை’யையும் பிரித்தறியும் கண் அதற்கும் உதவும். நான் புணர்ச்சி இலக்கணத்தை இன்றும் சலிக்காமல் படிப்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பெத்தாவின் கதையை முடிக்கவில்லை. படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அவன் ஏறவில்லை என்று அவவிடம் சொன்னேன். நாடா வெட்டுப்பட்ட விவரத்தையும் விளக்கினேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அது அவனுகள் பிறகு ஒட்டினது மனே. நாம பார்த்ததுதான் சரி” என்றா. நான் மறுத்துப் பேசவில்லை. கதைக்கு அப்படி ஒரு முடிவை வைத்துக்கொள்ளும் உரிமை அவவுக்கு இருந்தது. செய்திக்கு அந்த உரிமை நமக்கு இல்லை.

அடுத்த பேச்சில் நமது கூத்துக்களில் வரவுப் பாட்டின் இடம் பற்றி நோக்குவோம்.